மரத்துக்கு 1,100 ரூபாய்

தீபாவளிக்கு வந்திருந்த என் தங்கை மகன், சாப்பாடு முடிந்ததும் கொல்லைப் பக்கம் போய் நின்றான். கஜாவுக்குப் பிறகு நான் வைத்த தென்னைகள் இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "எல்லாம் போச்சுன்னு அம்மா அன்னிக்கு அவ்வளவு அழுதாங்க. இப்பப் பாருங்க மாமா, காய் தொங்குது. மரத்துக்கு 1,100 ரூபாயும் கவர்மெண்டு குடுத்துச்சு. அப்புறம் என்ன குறை?"

நல்ல பையன். சென்னையில் வேலை. கெட்ட எண்ணத்தில் அவன் அதைச் சொல்லவில்லை. பண்டிகை நாளில் வாக்குவாதம் வேண்டாம் என்று, "இன்னொரு டம்ளர் பாயசம் குடி மாப்ள" என்று பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவன் கேட்ட அதே கேள்வியை அதிகாரிகள் கேட்டு, பத்திரிகைக்காரர்கள் கேட்டு, பொள்ளாச்சிப் பக்கத்துச் சம்பந்தி கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இந்த நவம்பர் 16-ஆம் தேதியோடு கஜா வந்து ஏழு வருஷம் முடிகிறது. இப்போதாவது பதில் எழுதி வைக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். 2018-இல் எச்சரிக்கை சரியாக வந்தது. கரையோரத்துக் குடிசைகளில் இருந்தவர்களை முன்கூட்டியே பள்ளிக்கூடங்களுக்கும் புயல் முகாம்களுக்கும் கொண்டுபோனார்கள். 1977 நவம்பர் 12 புயலைப் பார்த்தவன் நான். அப்போது எங்கள் பக்கத்தில் நூற்றுக்கணக்கில் செத்துப்போனார்கள். அதோடு ஒப்பிட்டால் கஜாவில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் அதிகம். எதிர்க்கட்சிக்காரர்களே முதல் நாள் பாராட்டினார்கள். புயலுக்குப் பிறகு மின்வாரியத் தொழிலாளர்கள் பிற மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து, வயல் சேற்றில் இடுப்பளவு நின்று கம்பம் நட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன. எங்கள் ஊருக்குக் கரண்ட் வர இருபத்து மூன்று நாள் ஆனது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

என் சண்டை அதற்குப் பிறகு நடந்த கணக்கோடுதான்.

"புயல் கரையைக் கடந்தது" என்று ரேடியோவில் சொல்வார்கள். கேட்கிறவருக்கு ஆபத்து முடிந்தது போலத் தோன்றும். எங்களுக்கு அப்போதுதான் தொடங்கியது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் நள்ளிரவு தாண்டிக் கரை ஏறிய கஜா, கடற்கரையோடு நின்றுவிடவில்லை. வேதாரண்யத்தின் உப்பளங்களையும் மாந்தோப்புகளையும் அடித்துவிட்டு, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை மொட்டையாக்கிவிட்டு, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று மேற்கே வந்தது. விடியும் நேரத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் என்று பலாவும் வாழையும் பூந்தோட்டமும் நிறைந்த ஊர்களைத் தரைமட்டமாக்கியது. அந்த ஊர்க்காரர்களில் பலருக்குப் புயல் என்றால் அது மீனவர் விஷயம். பிறகு திண்டுக்கல் பக்கம் போய், மலையைத் தாண்டி, அரபிக் கடலில் இறங்கியது.

எங்கள் ஊர் அந்தப் பாதையின் நடுவே இருந்தது. முதலில் வடக்கிலிருந்து காற்று. ஓடு பறக்கிற சத்தமும், தோப்புக்குள் மட்டை முறிகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. பிறகு திடீரென்று அடங்கியது. புயலின் கண் எங்கள் தலைக்கு மேலே கடந்துகொண்டிருக்கிறது என்று தெரியாமல், முடிந்துவிட்டது என்று டார்ச் லைட்டோடு மாட்டைப் பார்க்க வெளியே போனவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து திரும்பி அடித்தது. முதல் காற்றில் வேர் ஆடி நின்ற மரங்கள் இரண்டாவது காற்றில் சாய்ந்தன. காலையில் பார்த்தால் ஒரே தோப்பில் பாதி மரங்கள் தெற்கே தலை வைத்தும் பாதி மரங்கள் வடக்கே தலை வைத்தும் கிடந்தன. என் அப்பா வைத்த மரங்கள், நான் வைத்த மரங்கள் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இப்போது 1,100 ரூபாய்க்கு வருகிறேன். விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், அதை அறுத்து அப்புறப்படுத்த 500 ரூபாய். இதுதான் அந்த 1,100. எனக்கு அறுக்கிற மிஷினுக்கும் ஜேசிபிக்கும் சேர்த்து மரத்துக்கு எழுநூறு ஆனது. அதை விட்டுவிடுவோம். ஏக்கருக்கு எழுபது மரம் என்று வைத்தால் கையில் வந்தது 77,000 ரூபாய்.

தங்கை மகனுக்குக் கணக்கு நன்றாக வரும். அவனுக்காகவே போடுகிறேன். ஒரு மரம் வருஷத்துக்கு நூறு காய் என்று குறைத்தே வைப்போம். தோப்பு விலை காய்க்குப் பத்து ரூபாய் என்று வைப்போம். ஏக்கருக்கு வருஷம் 70,000 ரூபாய். உரம், தண்ணீர், வெட்டுக்கூலி என்று பாதியைக் கழித்தால் 35,000. நம் நாட்டு நெட்டைத் தென்னை நட்டுக் காய் பார்க்க ஆறேழு வருஷம். ஏழு முப்பத்தைந்து இரண்டே கால் லட்சத்துக்கு மேல், சரியாகச் சொன்னால் 2,45,000 ரூபாய். மறுநடவுக்கென்று தனியாக உதவி அறிவித்தார்கள், உண்மைதான். அது கன்று வாங்கவும் குழி வெட்டவும் ஆனது. காய்க்கும் வரை வீட்டில் உலை வைக்க எது? மரம் விழுந்த நாளைக் கணக்கில் எடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டாயிரத்து ஐந்நூறு நாளை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

நெல் போனால் ஒரு போகம் போயிற்று, அடுத்த தண்ணீருக்கு நாற்று விடலாம். தென்னை அப்படி இல்லை. அதற்கு உயிர் ஒரே இடத்தில், உச்சிக் குருத்தில். குருத்து முறிந்தால் வேப்பமரம் போலப் பக்கத்தில் துளிர்க்காது. எங்கள் ஊரில் தலை திருகிப்போய் நின்ற மரங்கள் ஏராளம். கணக்கெடுக்க வந்தவர்கள் "நிக்குதே" என்று அவற்றை விட்டுவிட்டுப் போனார்கள். ஐந்தாறு மாதத்தில் குருத்து அழுகி ஒவ்வொன்றாகச் செத்தன. அப்புறப்படுத்தாத கட்டைகளில் காண்டாமிருக வண்டு பெருகித் தப்பிய மரத்தையும் குடைந்தது. அதற்குக் கணக்கெடுக்க யாரும் இரண்டாவது தடவை வரவில்லை.

இவ்வளவும் என்னைப் போலத் தோப்பு வைத்திருந்தவன் பாடு. எனக்குப் பென்ஷன் வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு வருஷம் தள்ளிவிட்டேன். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்தது என் மரத்துக்காக மட்டும் இல்லை.

எங்கள் தோப்பில் முப்பது வருஷம் மரம் ஏறியவர் ஒருவர். புயல் முடிந்த நாலாம் நாள் வந்து கட்டைகளுக்கு நடுவே நின்றார். நான் என் நஷ்டத்தைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு மரம் போச்சுங்க ஐயா. கணக்கெடுத்து ஏதோ குடுப்பாங்க. நான் ஏறுன மரத்துக்கு யாருங்க ஐயா கணக்கெடுப்பாங்க?" என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

ஒரு தென்னந்தோப்பை நம்பி எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஏறி வெட்டுகிறவர், பொறுக்கிச் சேர்க்கிற பெண்கள், பாரையில் மட்டை உரிக்கிறவர், கொப்பரைக் களத்தில் உடைத்துக் காயவைக்கிறவர்கள், மட்டை மில்லில் தும்பு அடிக்கிறவர்கள், கயிறு திரிக்கிறவர்கள், லாரியில் ஏற்றுகிறவர்கள். எல்லோருக்கும் கடைசியில் கீற்று முடைகிற பெண்கள். வெட்டுக்கு வெட்டு, நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு தடவை, தோப்புச் சொந்தக்காரன் வாங்குகிற பணத்தில் இவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு பங்கு இருந்தது. மரம் விழுந்ததும் அந்தப் பங்கும் விழுந்தது. இவர்கள் யார் பெயரிலும் பட்டா கிடையாது. குடிசை போனதற்கு 10,000 ரூபாயும், இருபத்தேழு பொருள் அடங்கிய நிவாரணப் பையும் கிடைத்தன. தொழில் போனதற்கு ஒன்றும் இல்லை. கீற்று முடைந்து ஊருக்கே கூரை போட்டுக்கொடுத்த கிழவி, தன் வீட்டை மூட ஒரு தார்ப்பாய்க்காக வரிசையில் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

குத்தகைக்காரர்கள் கதை இன்னும் மோசம். நிலம் கோயிலுடையது, அல்லது சிங்கப்பூரில் இருப்பவருடையது. வாய்ப்பேச்சுக் குத்தகை. தண்ணீர் கட்டி, உரம் வைத்து வளர்த்தவர் ஒருவர். பட்டாக்காரர் வேறொருவர். நிவாரணம் பட்டாவைத் தேடிப் போயிற்று. நல்ல மனசு உள்ள பட்டாக்காரர்கள் பாதியைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் போனையே எடுக்கவில்லை.

இதையெல்லாம் ஆபீஸ்காரர்கள் தெரியாமல் செய்தார்கள் என்று நினைக்காதீர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். 1977-இல் ஒரு தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளராக இருந்தேன். கர்ணத்தோடு சேர்ந்து ஊர் ஊராகச் சேதக் கணக்கு எழுதினேன். ஒரு ஊரில் வாய்க்கால் கரைப் புறம்போக்கில் பத்துத் தென்னை வைத்துப் பிழைத்த ஒருவர், நாங்கள் போகிற வழியெல்லாம் பின்னாலேயே வந்தார். பத்தும் விழுந்து கிடந்தன. "என் பேரையும் எழுதிக்குங்க சாமி" என்றார். "பட்டா இருக்கா?" என்று கேட்டேன். இல்லை. படிவத்தில் சர்வே எண் எழுத ஒரு கட்டம், பட்டாதாரர் பெயர் எழுத ஒரு கட்டம். இவருக்குக் கட்டம் இல்லை. ஒரு வெள்ளைத்தாளில் அவர் பெயரைத் தனியாக எழுதிக் கூடவே இணைத்திருக்கலாம். மேலே இருப்பவர் கிழித்துப் போட்டிருக்கலாம், போடாமலும் இருந்திருக்கலாம். நான் எழுதவே இல்லை. இருட்டிக்கொண்டு வந்தது, இன்னும் இரண்டு ஊர் பாக்கி இருந்தது. அந்த மனிதர் வரப்பில் நின்று எங்கள் ஜீப் போகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு வருஷம் கழித்துக் கஜாவில் வந்த படிவத்திலும் அவருக்குக் கட்டம் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என் மேலேயே.

"அரசாங்கத்திடம் பணம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். மாநில அரசு ஏறத்தாழ 15,000 கோடி கேட்டது. மத்திய அரசு ஒதுக்கியது 1,146 கோடி. கேட்டதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. கேட்டவர்கள் கூட்டிக் கேட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் இவ்வளவு தூரம் குறைப்பதற்கு ஏதாவது நியாயம் சொல்ல வேண்டாமா?

"எல்லோரும் ஒரே பயிராகத் தென்னை வைத்தது யார் குற்றம்?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் பக்கம் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. நெல் வைத்து நெல் வைத்துக் காய்ந்தவர்கள்தான் போர் போட்டுத் தென்னைக்கு மாறினார்கள். ஆசைப்பட்டு மாறியவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தென்னங்கன்றுக்கும் சொட்டு நீருக்கும் மானியம் கொடுத்து ஊக்கப்படுத்தியதும் அரசாங்கம்தானே?

"இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கலாமே?" இந்தக் கேள்விதான் எனக்கு வலிக்கும். எடுத்திருக்கலாம். தென்னைக்கென்றே ஒரு காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியமும் வேளாண் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. 4 முதல் 15 வயதுள்ள மரத்துக்கு 900 ரூபாயும், 16 முதல் 60 வயதுள்ள மரத்துக்கு 1,750 ரூபாயும் காப்பீடு. வருஷப் பிரீமியம் முறையே 9 ரூபாய், 14 ரூபாய். அதில் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் கட்டும். விவசாயி கட்ட வேண்டியது முதல் வகைக்கு இரண்டே கால் ரூபாய், இரண்டாம் வகைக்கு மூன்றரை ரூபாய். கடைத்தெருவில் ஒரு டீயின் விலைகூட இல்லை. கஜாவுக்குப் பிறகு எங்கள் ஊரில் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தேன். இப்படி ஒரு திட்டம் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன், பேப்பர் படிக்கிறவன். நானும் கட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லவும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் காலத்தில் நெல்லுக்குப் பயிர்க்கடன் வாங்கினால் பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தை அவர்களே பிடித்துக்கொள்வார்கள். விவசாயி தேடிப் போக வேண்டியதில்லை. நாலு மாதப் பயிருக்குச் செய்தார்கள். அறுபது வருஷ மரத்துக்கு ஏன் செய்யவில்லை? தென்னை விவசாயி தானாகத் தெரிந்துகொண்டு, படிவம் தேடி, சான்றிதழ் வாங்கி, அலைந்து கட்டட்டும் என்று விட்டுவிட்டு, விழுந்த பிறகு "ஏன் கட்டவில்லை?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? கட்டியிருந்தாலும் அந்த 1,750 ரூபாய் மரத்துக்குச் சொந்தக்காரனுக்குத்தான். ஏறியவருக்கு இல்லை.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவன் என்று பெயர் வாங்க எனக்கு விருப்பம் இல்லை. செய்ய வேண்டியது மூன்று.

ஒன்று. கணக்கைப் புயலுக்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டும். ஊருக்கு ஒரு நோட்டு. அதில் மரங்கள், மரத்தின் வயது, பட்டாக்காரர், உண்மையில் பயிர் செய்கிறவர், அந்தத் தோப்பை நம்பி வேலை செய்கிற ஒவ்வொருவர் பெயரும் இருக்க வேண்டும். நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று இப்போது கிராம சபை கூடுகிறது. சரியாகப் புயல் மாதத்தின் வாசல். அன்று அந்த நோட்டை எல்லோர் முன்னாலும் வாசிக்கட்டும். பொய்ப் பெயர் இருந்தால் ஊரே சொல்லும். விட்டுப்போன பெயர் இருந்தாலும் ஊரே சொல்லும்.

இரண்டு. காய்க்கும் மரத்துக்கு நிவாரணம் என்பது ஒரே தடவை கொடுத்துக் கைகழுவுகிற தொகையாக இருக்கக் கூடாது. புது மரம் காய்க்கும் வரை வருஷா வருஷம் ஒரு தொகை வர வேண்டும். சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் தோப்புத் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும்.

மூன்று. கூட்டுறவுச் சங்கத்தில் தென்னைக்கு எந்தக் கடன் வாங்கினாலும் காப்பீடு அதோடு சேர்ந்தே வர வேண்டும். மூன்றரை ரூபாய் பிடித்துக்கொள்வதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் தோப்பில் மரம் ஏறியவர் இப்போது ஊரில் இல்லை. புயலுக்கு அடுத்த பொங்கல் கழித்து மகனோடு திருப்பூர் போனார். ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாக இருப்பதாகக் கேள்வி. என் மரங்கள் காய்த்துவிட்டன. வெட்டுவதற்கு ஆள் இல்லை. தங்கை மகன் சென்னைக்கு எடுத்துப்போகப் பத்துக் காய் கேட்டான். தொரட்டியால் கீழ்க்குலையைத்தான் எட்டிப் பறிக்க முடிந்தது. "ஆள் வச்சுப் பறிக்கலாமே மாமா" என்றான். அவன் தீபாவளியன்று கேட்ட கேள்விக்கு அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பதில் இந்தக் கட்டுரை. அவனுக்கும் அனுப்புகிறேன்.

வருகிற ஜனவரி 26 கிராம சபைக்கு நான் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போகப் போகிறேன். எங்கள் ஊர்ப் பெயர்களை நானே எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் பட்டா இல்லாதவர்களைத்தான் எழுதியிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல ரிட்டையர் ஆனவர்கள். வாத்தியார்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், பேங்க்காரர்கள், சொசைட்டிச் செயலாளர்கள். நமக்குத் தெரிந்த ஒரே தொழில் பெயர் எழுதுவது. உங்கள் ஊரிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். அடுத்த புயல் எந்த ஊர் வழியாக வரும் என்று யாருக்கும் தெரியாது.